நெய்வேலியில் நான் விற்ற சுவர்

பண்ருட்டிக்கு அக்கம்பக்கத்தில் ஒருவர், "வீட்டு வாசலில் பலா மரம் நிற்கும், அதுதான் அடையாளம்" என்று சொன்னால், சிரித்துவிட்டு வேறு அடையாளம் கேட்பவன் புத்திசாலி. நான் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன். கடற்கரையில் நிற்கிறவர் "அலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வந்துவிடு" என்று சொன்னால்கூட நான் நம்பிப் போவேன் என்று என் மனைவி சுகுணா சொல்வாள். அவள் சொல்வது பொய் என்று நிரூபிக்க இதுவரை எனக்கு ஒரு சந்தர்ப்பமும் அமையவில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். பம்பு செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஐம்பது வயதில் டாக்டர், கோபத்தைக் குறைக்க மனதுக்கு இதமாக ஏதாவது பழகச் சொன்னார். வாட்டர் கலர் பழகினேன். கோபம் இரண்டு மடங்கானது. வானத்தை நீலமாக்கிவிட்டு மரத்துக்கு வருவதற்குள் வானம் இறங்கி மரத்துக்குள் வந்துவிடும். அழித்துத் திருத்தவும் வழியில்லை. தாளில் தண்ணீர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அப்புறம் யாரும் அதனிடம் பேச முடியாது.

இருந்தாலும் விடவில்லை. வரைந்ததையெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று அன்பளிப்பாகக் கொடுத்தேன். உறவினர்கள் என்னை அழைப்பதைக் குறைத்தார்கள். நான் கொடுத்த ஊட்டி ஏரியை ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கண்டேன். கரப்பான்கள் மட்டும் ரசித்துக்கொண்டிருந்தன. இந்த நிலையில் எங்கள் வீட்டின் பின்னறை காலியானது. வடக்குப் பார்த்த ஜன்னல், ஓவியனுக்கென்றே கட்டியது. சுகுணா அந்த இடத்தை வாஷிங் மெஷினுக்கு என்று முடிவு செய்திருந்தாள். நான் கெஞ்சியதும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். நமக்குச் சொந்தம் பந்தம் இல்லாத ஒருவர், ஒரே ஒருவர், காசு கொடுத்து ஒரு படம் வாங்கட்டும், அறை எனக்கு. இல்லையென்றால் மெஷினுக்கு. பிளம்பர் வருகிற தேதியையும் சொன்னாள்.

அப்போதுதான் நெய்வேலியிலிருந்து முருகேசன் பேசினார். என் மைத்துனியின் கணவர், சுரங்கத்தில் வேலை. அங்கே ஆபீசில் இருக்கும் செல்வராணி அம்மா ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யப்போகிறார், இத்தனை வருஷம் இருந்த வீட்டை வரைந்து வாங்கிக்கொண்டு போக ஆசைப்படுகிறார் என்றார். "எங்க அண்ணன் பெரிய ஆர்ட்டிஸ்டுன்னு சொல்லிட்டேன், வந்துருங்க" என்றார். பெரிய என்பது உடம்பைச் சொன்னதாக இருக்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்திருந்த வாரம். பஸ்ஸில், விலை சொல்வது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தேன். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், முதலில் பேசுகிறவன் தோற்றான் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஞானத்திலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய், பஸ் வடலூரில் நின்றது. கண்டக்டர் என்னைக் குலுக்கி, "எத்தினி வாட்டி சார் கத்தறது, தொண்டை போய்கினு இருக்குது" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் அவருக்காகப் பரிதாபப்பட்டார்.

பசி. தருமசாலையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். சுடச்சுட சாதம், சாம்பார், இன்னும் வேணுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். பக்கத்து இலைப் பெரியவர் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து என்ன தொழில் என்று விசாரித்தார். படம் வரைந்து விற்பவன் என்றேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. அவர் என் முகத்தையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவருக்கு இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்றார்.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் எனக்கு ஊர் மாறியது போலில்லை, நாடு மாறியது போலிருந்தது. எங்கள் ஊரில் ரோட்டைக் கடப்பதற்கு முன்னால் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ரோடு அகலமாகப் படுத்துக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் மரம் குடை பிடிக்கிறது, ஒரு சைக்கிள் போகிறது, அவ்வளவுதான். எல்லாரும் எல்லாரையும் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். ராமநாதபுரம் என்கிறார் ஒருவர், நாமக்கல் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது கேள்விக்குள் வேலையைப் பற்றி இன்னொன்று வந்துவிடும். தூரத்துப் புகைபோக்கியை வரையலாமே என்று ரோட்டோரம் நின்றபோது வந்த செக்யூரிட்டிக்காரரும் அதையே கேட்டார்.

"படம் வரையறது பர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

அப்ரெண்டிஸ் என்றேன். சம்பளம் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் யூனியனில் சொல்லிப் பாருங்கள் என்று ஆறுதல் சொல்லி, புகைபோக்கிப் பக்கம் திரும்பாமல் மரத்தை வரைந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முருகேசன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகும் அவசரத்தில் வழி சொன்னார். ரோடு பெயர், திருப்பம், அப்புறம் அந்தப் பலா மரம். செல்வராணி அம்மா ட்யூட்டியில் இருப்பார், வீட்டில் யாராவது இருப்பார்கள், நீங்கள் பாட்டுக்கு வெளியே உட்கார்ந்து வரையுங்கள் என்றார். பிளாக் நம்பரும் சொன்னாராம். சொல்லியிருப்பார். நான் அப்போது இட்லிக்கு வைத்த வேர்க்கடலைச் சட்னியில் இருந்தேன். சுரங்கத்துக்குள் போய்விட்டால் அவர் போன் எடுக்க மாட்டார்.

அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செயின் இரண்டு இடத்தில் கழன்றது. கை முழுக்கக் கறுப்பு. ஒரு திருப்பத்தில் திரும்பினேன், பலா மரம். அடுத்த வீட்டிலும் பலா மரம். எதிர்வரிசை முழுக்கப் பலா மரம். வீடுகளும் ஒரே அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி வரிசையாக இருந்தன, அதே ஜன்னல், அதே சன்ஷேட், அதே கேட். திகைத்து நின்றபோது ஒரு கேட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா என்னையும் பெட்டியையும் சுருட்டி வைத்த தாளையும் அளவுகோலையும் பார்த்துவிட்டுத் தானாகவே கேட்டைத் திறந்தார்.

"வாங்க சார். உங்களத்தான் பாத்துகினு இருக்கேன். வருவாங்கன்னு சொன்னாங்க."

வேறென்ன வேண்டும்? நானும் சொல்லியிருப்பாங்களே என்றேன். அவரும் சொன்னாங்க என்றார். யார், யாரிடம், என்ன சொன்னார்கள் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பெயர் அஞ்சலை. பக்கத்துக் கிராமத்தில் அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போக, வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து இங்கே வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் அவரைச் செல்வராணி அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் உறவு என்று எடுத்துக்கொண்டேன். அவர் என்னை, சுவரில் தண்ணீர் இறங்குகிறது என்று போன வாரம் எழுதிக் கொடுத்த புகாருக்காகச் சிவில் பிரிவிலிருந்து வந்த ஆள் என்று எடுத்துக்கொண்டார்.

முற்றத்தில் ஸ்டூல் போட்டுத் தந்தார். தாளை நனைத்து, வழக்கம்போல் அழகான வீடு ஒன்றை ஆரம்பித்தேன். நீல வானம், பச்சை மரம், மாசு மறுவற்ற வெள்ளைச் சுவர். பின்னால் வந்து நின்ற அஞ்சலை அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அந்த மூலைய வுட்டுட்டீங்களே சார்."

ஜன்னலுக்கு மேலே, சன்ஷேட் சேரும் மூலையிலிருந்து ஈரம் இறங்கி, பாசி பிடித்து, பழுப்பாகி, கீழே வரைக்கும் ஒரு பெரிய கறை. அதை விட்டுவிடலாம், படம் அழகாக இருக்க வேண்டும் அல்லவா என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. அழகா வரைஞ்சு கொடுத்தா எவன் நம்புவான் என்று கேட்டார். இதுவரை எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. முன்னே வந்த ஆள் செல்லில் போட்டோ எடுத்துக்கொண்டு போனதாகவும், நான் உட்கார்ந்து கையாலேயே வரைவதால் காரியம் நடக்கும் என்றும் சொன்னார். நான் அதைப் புகைப்படக் கலையைவிட ஓவியக் கலை மேல் என்ற கருத்தாகப் புரிந்துகொண்டு பூரித்துப்போனேன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, அஞ்சலை அக்காவும் தண்ணீரும்தான் பொறுப்பு. ஈரமான தாளில் பழுப்பைத் தொட்டு வைத்தேன். அது தானே இறங்கியது. கொஞ்சம் பச்சை வைத்தேன், பாசி பிடித்தது. உலகத்தில் ஈரக்கறையை வரைவதற்கென்றே கண்டுபிடித்தது வாட்டர் கலர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் இந்தக் குணத்தோடுதான் வானத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார். விரிசல் இந்தப் பக்கம் ஓடுகிறது, சன்ஷேட் நுனி உடைந்திருக்கிறது, பலாக் கிளை உரசுவதால்தான் அது. ஈரத்தால் துணியை உள்ளே காயப்போட முடியாமல் வெளியே கொடி கட்டியிருப்பதையும் போடச் சொன்னார். வாசலில் அவர் வீட்டுக்காரருடைய ஷிப்ட் ஷூ, வாயைப் பிளந்து காய்ந்துகொண்டிருந்தது. அதையும் போட்டேன். நடுவில் மோர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து முந்திரி போட்ட உப்புமா வந்தது. எங்கள் ஊரில் முந்திரியைப் பாயசத்தில் எண்ணிப் போடுவோம். இங்கே வேர்க்கடலை மாதிரி அள்ளிப் போடுகிறார்கள்.

முடித்து எழுந்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. படம் நன்றாக வந்திருந்தது. நான்தான் வரைந்தேனா என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டு, "இதப் பாத்தா கல்லுங்கூட ஆள் அனுப்பும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று சைக்கிளில் வரும்போது யோசித்தேன். செயின் கழன்றதும் யோசனையும் கழன்றது.

சாயங்காலம் முருகேசன் வீட்டுக்கே செல்வராணி அம்மா வந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், நெய்வேலியிலேயே பாதி ஆயுள். வீட்டுக்காரரும் இங்கே சுரங்கத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். புது வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குக் காவலாக அவரை முன்னாலேயே ஊருக்கு அனுப்பிவிட்டார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நான் வீடியோவில் சொன்னபடி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப நல்லாருக்கு சார். யார் வீடு இது?"

முருகேசன் இருமினார். நான் பலா மரம் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா வீடு பக்கத்து பிளாக்காம். அங்கே மரம் கேட்டுக்கு அந்தப் பக்கமாம். அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், சாவி கொடுப்பதற்கு முன்னால் வந்து வரைந்துவிடுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார். இனி என்னைத் தனியாக அனுப்புவதாக இல்லை. சுகுணாவுக்குப் போன் செய்து, ஓவியம் வெற்றி, முகவரி தோல்வி என்றேன். பிளம்பர் காலையிலேயே வந்துவிடுவார் என்றாள்.

மறுநாள் சரியான வீட்டின் எதிரில், சரியான பலா மரத்தின் நிழலில், சரியாக உட்கார்ந்தேன். சாமான்கள் லாரியில் போயாகிவிட்டன. திரைச்சீலை இல்லை, கொடி இல்லை, பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை. ஒப்படைக்கிற வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் ஆள் வைத்து வெள்ளை அடித்திருந்தார். நான் கவனமாக வரைந்தேன். கோடு கோணவில்லை, வானம் மரத்துக்குள் இறங்கவில்லை. பேங்க் காலண்டரில் போடலாம் போல ஒரு படம் வந்தது. தேதியைக் கிழித்ததும் வீட்டையும் கிழித்து எறிந்துவிடலாம்.

செல்வராணி அம்மா அதைப் பார்த்து, ஆமாம், இதுதான் நம்பர் என்றார். வீடு என்று சொல்லவில்லை. கட்டிவைத்திருந்த அட்டைப்பெட்டி மேல் அதைச் சாத்தினார். நேற்றையதையும் எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, விரலை நேற்றைய படத்தில், அந்த ஈரத்தின் மேல் வைத்தார்.

"இது எங்க வீட்லயும் இதே எடத்துலதான் சார் இருந்துச்சு. ஒரே பிளான்ல கட்டுனது, மழத் தண்ணி எல்லா வீட்லயும் அந்த மூலையிலதான் நிக்கும். தெனம் இதப் பாத்துக்கிட்டேதான் காபி குடிப்பேன். ஒரு மழக்காலத்துல யானை மாதிரி தெரியும், அடுத்ததுல கெழவன் மாதிரி தெரியும். நேத்து நானே ஆள் வச்சு அடிச்சு மறைச்சிட்டேன்."

இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு நேர்மை வந்துவிட்டது. வேண்டாத நேரத்தில்தான் அது எனக்கு வரும். அம்மா, இது உங்கள் வீடு இல்லையே, மரம் இந்தப் பக்கம் இருக்கிறதே, மாற்றவும் முடியாதே என்றேன். ஊருக்குப் போனபின் மரம் எந்தப் பக்கம் என்று யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். அந்த ஷூ வேறொருவருடையது என்றும் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்தால் தன்னுடையது என்றுதான் நினைப்பார், அவரும் அப்படித்தான் வாசலில் விட்டெறிவார் என்று சிரித்தார். விற்கிறவன் வேண்டாம் என்க, வாங்குகிறவர் வேண்டும் என்க, இப்படி ஒரு பேரம் தமிழ்நாட்டில் நடந்திருக்காது.

பிறகு விலை கேட்டார். சொன்னேன். வாயை மூட வேண்டும் என்பது நினைவிருந்தது. மூடினேன். அவர் கைப்பையைத் திறந்தார். ஏதோ யோசிப்பது போலிருந்தது. என் வாய் தானாகத் திறந்து, பாதி கொடுத்தால்கூடப் போதும் என்றது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியிருக்கிறார். முதலில் சொன்ன விலையையே கொடுத்து, இனிமேல் இப்படிக் குறைக்காதீர்கள் என்று எனக்கே புத்தி சொன்னார். கீழே பெயரைக் காணோமே, கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு நீங்கள் பெரிய ஆளானால் யாரிடம் காட்டுவேன் என்றார். இடம் போதாமல் என் பெயரின் கடைசி எழுத்து ஈரக்கறையோடு சேர்ந்துகொண்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ரோட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக் கொஞ்சம் ஆடினேன். ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். சுகுணாவுக்குப் போன் செய்தேன். வாங்கினவர்கள் உங்க சித்தி வழியா, பெரியம்மா வழியா என்று குறுக்கு விசாரணை செய்தாள். எந்த வழியும் இல்லை, அம்பாசமுத்திரம் என்றேன். அடுத்து பிளம்பரிடம், "அண்ணா, குழாயக் குளியலறைப் பக்கம் திருப்பிருங்க" என்று அவள் சொல்வது கேட்டது. இதைவிட இனிய இசையை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

ஊருக்குக் கிளம்பும் காலை, ஒரு கடன் மட்டும் பாக்கி. அஞ்சலை அக்காவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவரே கேட்டைத் திறந்தார். நேற்று இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள் என்றும், உங்கள் ஆள் வந்து முழுசாக வரைந்துகொண்டு போய்விட்டார், இனி அதைப் பார்த்து வேலையை ஆரம்பியுங்கள் என்று சொல்லித் தான் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சந்தோஷமாகச் சொன்னார். நான் அவர்கள் ஆள் இல்லை, கோயம்புத்தூரில் கணக்குப்பிள்ளை, படம் வரைந்து பார்க்கிறவன், அடையாளம் தப்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றேன். படம் எங்கே என்றார். விற்றுவிட்டேன் என்றேன்.

அக்கா இடுப்பில் கை வைத்தார். உள்ளே திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வந்து பாரு. நமக்கே சொந்தமில்லாத வூட்ட இவரு வித்துகினு போறாரு."

உள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தார். அக்காவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது, ஆனால் அதை எனக்குத் தர விருப்பமில்லாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டார். சுவரில் யானை அப்படியே நின்றிருந்தது. முருகேசனிடம் சொல்லி அந்த ஏணிக்காரர்களைத் திரும்ப வரவைப்பது என் பொறுப்பு என்றேன். அதோடு, நேற்று முதல் நான் ஓவியம் விற்றுப் பிழைக்கும் கலைஞன் என்ற கம்பீரத்தோடு, உங்கள் வீட்டையோ, வீட்டுக்காரரையோ, பலா மரத்தையோ, எதைச் சொன்னாலும் காசு வாங்காமல் வரைந்து தருகிறேன், பிரஷ் பெட்டியிலேயே இருக்கிறது என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"பிரஷ் இருக்குதுல்ல, அந்தச் செவுத்துக்கு ரெண்டு கை வெள்ள அடிச்சிட்டுப் போங்க."